கலவரம் என்னும் சொல்

ஆங்கிலத்திலே பிணக்கைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. அவற்றின் வேர்களைத் தேடிச் செல்வது சுவையான பொழுதுபோக்கு. 'குவாறல்' என்பது முறைப்பாடு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வாய்த்தர்க்கத்தில் இருவருமே முறைப்பாட்டுக்காரராதலின் பெயர் பொருத்தமே. 'டிஸ்கோட்' என்பது இதயங்கள் வேறுபட்டு நிற்றல். 'றைவல்' என்பதன் மூலப்பொருள் ஒரே நீரோடையைப் பங்கிட்டுக் கொள்பவன் என்பதாம். கிணற்றுப் பங்குக்காக நீதிமன்றம் ஏறிய முன்னோரையுடைய நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பங்காளி என்ற நம் சொல்லும் அதே கதையைத்தான் சொல்கின்றது.

தமிழும் இத்துறையில் வறியதன்று. காதலர் பிணக்கையே ஊடல், புலவி, துனி எனத் தரம்பிரித்த மொழி இது. தொல்காப்பியர் போரை ஒரே பெயரால் அழைத்தாரல்லர். ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையாற் படையெடுத்தல் வஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை. வலிமையே பொருளாக வந்த வேந்தனை எதிர்சென்று பொருதல் தும்பை. யார், யாரை, எதன் பொருட்டுத் தாக்கினர் என்பது பெயரைக் கேட்ட அளவிலேயே விளங்கிற்று.

நிற்க. அண்மையில் ஒரு மாணவன் தன் அம்மம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். வெள்ளவத்தையில் வாழ்ந்தவர் அவ்வம்மையார். "1983ஆம் ஆண்டு, எங்களை அடித்த ஆண்டு, அம்மம்மா கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்" என்பது அதில் ஒரு வாக்கியம். பேச்சுவழக்கு புகுந்துவிட்டதென்று கருதி, 'எங்களை அடித்த' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'இனக்கலவரம் நடந்த' என்று மேலே எழுதினேன். மறுநாள் அவன் கொப்பியுடன் வந்து நின்றான். "சேர், அம்மம்மா கேட்கச் சொன்னவா. கலவரம் எண்டால் ரெண்டு பக்கமும் அடிபட வேணுமாம். நாங்கள் ஆரை அடிச்சனாங்கள் எண்டு கேக்கிறா."

இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு உடனே விடை வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்தரின் ஊர்வலம் ஒன்று கத்தோலிக்கர் நெருங்கி வாழ்ந்த பகுதிக்கு வந்தபோது தெருவிலே அடிதடி மூண்டது. நீதி கேட்டு ஒல்கொட் 1884இல் இலண்டனுக்குச் சென்றார். 1885இல் வெசாக் பூரணை அரசாங்க விடுமுறை ஆயிற்று. அன்றைய நிகழ்ச்சியை ஆங்கிலேயர் 'றயற்' என்றனர். கூட்டமும் கூட்டமும் தெருவிற் கைகலந்தமையால் அது பொருந்தும். சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கியதற்கும் அதே பெயரைச் சூட்டினர். வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளை அடையாளங் கண்டு எரித்தனர். வெலிக்கடைச் சிறையில் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். பூட்டிய கூண்டுக்குள் இருந்தவன் யாரோடு கலவரம் செய்தான்?

1977ஆம் ஆண்டின் அழிவுகளை விசாரித்த சன்சோனி ஆணைக்குழு 'சம்பவங்கள்' பற்றியே விசாரிக்கும்படி பணிக்கப்பட்டது. சம்பவம் என்றாற் செய்தவன் ஒருவனும் இல்லை. மழை பெய்தாற்போலத் தானே நிகழ்ந்துவிடும். சிங்கள நண்பர்கள் 'கலபல' என்பர். அதுவும் ஒரு சந்தடியைத்தான் நினைவூட்டும். ஆங்கிலத்திலே இதற்கேற்ற சொல் இல்லாதபோது அம்மொழியினர் வெட்கப்படாமல் உருசியரிடமிருந்து 'பொக்றொம்' என்பதைக் கடன் வாங்கினர். நாமோ, நம்மிடம் படுகொலை, வன்செயல் என்னும் சொற்கள் இருந்தும், 'றயற்' என்பதை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம்.

மென்மையான சொல்லே ஒற்றுமைக்கு உதவும் என்று என் சக ஆசிரியர் ஒருவர் வாதித்தார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. இப்பொழுது வழங்கும் 'இனமோதல்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அச்சொல் ஓர் இனம் முழுவதையும் மற்றோர் இனம் முழுவதோடும் மோதவிடுகின்றது. அந்த அம்மம்மா மதிலேறிக் குதித்தபோது, பின்கதவைத் திறந்து இரண்டு இரவுகள் தம் அறையில் ஒளித்துவைத்தவர் அயல்வீட்டுச் சிங்களவர். அவர் யாரோடு மோதினார்? தீ வைத்தவனையும் கதவு திறந்தவரையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பதா ஒற்றுமை? பின்னர் 2009 வரை நடந்தது போர். இரு பக்கத்தாரும் படைக்கலம் ஏந்தினர். அப்பெயரில் எனக்கு வழக்கில்லை. யூலையின் அந்த நாட்களுக்கு அப்பெயரும் ஆகாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டிலும் 'கலவரத்துக்கு முன்', 'கலவரத்துக்குப் பின்' என்றுதான் ஆண்டுகளைக் கணக்கிடுவார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அச்சொல்லைக் கேட்டே வளர்ந்தமையால் அதனை ஒருநாளும் நிறுத்துப் பார்த்தேனல்லேன்.

மாணவனின் கொப்பியை வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க இயலாது. 'இனக்கலவரம் நடந்த' என்ற என் எழுத்தை நானே வெட்டி, அவன் எழுதியதன் கீழே புள்ளிக்கோடிட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.