முதியோர் பணத்துக்கும் நெல்லுக்கும் ஒரே விலை வையுங்க

முதியோர் உதவித்தொகையை 1200 ஆக்கியாச்சுன்னு மேடைக்கு மேடை சொல்றாங்க. சரிங்க. எனக்குத் தெரிஞ்சது நெல்லுக் கணக்குதான். அதுல போட்டுப் பாக்குறேன்.

2011ல தமிழ்நாட்டுல இந்தப் பணம் 500ல இருந்து 1000 ஆச்சு. அந்த வருசம் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1080. அதாவது மாசப் பணத்துக்கு ஏறக்குறைய 93 கிலோ நெல்லு. அதுக்கப்புறம் 12 வருசமா ஒரு ரூபா ஏறல. 2023 ஆகஸ்டுலதான் 1200 ஆச்சு. அந்த வருச நெல்லு விலை 2183. அப்படின்னா 55 கிலோ. ஏத்தினாங்களா, கொறைச்சாங்களா? நீங்களே சொல்லுங்க.

இதுல மத்திய அரசு பங்கு இன்னும் மோசம். 80 வயசு ஆகாதவங்களுக்கு மாசம் 200 ரூபா. 2007ல இருந்த அதே 200. 2024ல நெல்லு விலை 2300. ஒம்பது கிலோகூட வராது.

"பெத்தவங்களைப் பிள்ளைங்கதான பாக்கணும், அரசாங்கம் எதுக்கு?"ன்னு டீக்கடையில கேக்குறாங்க. அதுக்கும் 2007லயே சட்டம் போட்டாச்சு. பாக்காத பிள்ளை மேல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு குடுக்கலாம். எங்க ஊர்ப்பக்கம் எந்தக் கெழவி மகன் மேல மனு குடுக்கும்? பட்டினி கெடந்தாலும் "எம்மகன் நல்லாத்தான் பாக்குறான்"னுதான் சொல்லும். அந்த மகனும் கூலிக்குப் போறவன்தான்.

"அவ்வளவு பணத்துக்கு எங்க போறது?"ன்னு அடுத்த கேள்வி. அரசு ஊழியருக்கு விலைவாசியைப் பாத்து வருசத்துக்கு ரெண்டு தடவை அகவிலைப்படி கணக்குப் போடுறாங்க. அதைத் தப்புன்னு நான் சொல்லல. விலை ஏறுனா வருமானமும் ஏறணும்ங்கிறது நியாயம். அந்த நியாயம் 40 வருசம் நாத்து நட்டு, களையெடுத்த கைக்குக் கிடையாதா? அவங்களுக்குப் பி.எஃப். இல்ல, கிராஜுவிட்டி இல்ல. ஊருக்கே சோறு போட்டதுதான் அவங்க சர்வீஸ்.

நான் கேக்குறது ஒண்ணுதான். ஒரு குவிண்டால் நெல்லோட ஆதரவு விலை எவ்வளவோ, அதையே மாசாமாசம் முதியோர் பணமா குடுங்க. 2024 கணக்குப்படி 2300. நெல்லு விலை ஏறும்போது அதுவும் தானா ஏறட்டும். தேர்தல் எப்ப வரும்னு வயசானவங்க காத்துக் கெடக்க வேண்டாம், யார் கால்லயும் விழ வேண்டாம்.

நெல்லுக்கு வைக்கிற விலையே பத்தலன்னு நாங்க கத்திக்கிட்டிருக்கோம். அந்தப் பத்தாத விலையாவது அவங்களுக்குக் குடுக்கக் கூடாதா?