எல்லாமே தொந்தரவுதானா?

ஈப்போவில் தண்ணீர் நிற்கப் போகிறதென்றால் மலாயில் 'கங்குவான் பெகாலான் ஆயர்' என்று அறிவிப்பு வரும். மலாய் தெரிந்தவருக்கு அதில் குழப்பமில்லை. அதை யாரோ கைப்பேசியிலேயே தமிழாக்கி 'நாளை தண்ணீர் தொந்தரவு' என்று வாட்சப்பில் தட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறெரிகிறது. எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப்பேர் ரப்பர்த் தோட்டம் மூடியபின் அதன் லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்கிறார்: "ஏய்யா, தண்ணி கலங்கலா வருமா? காய்ச்சிக் குடிக்கணுமா?"

"தண்ணியே வராது பாட்டி. ராத்திரியே பிடிச்சு வச்சிருங்க."

மலாயில் மின்சாரம் போனாலும் கங்குவான், கிரிக் பக்கம் யானை வந்தாலும் கங்குவான், பேய்க் கோளாறும் கங்குவான். அது அந்த மொழியின் வழக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் தண்ணீருக்குத் தடை, யானைக்குத் தொல்லை, பேச்சின் நடுவே புகுந்தால் குறுக்கீடு, நடக்கிற காரியம் நின்று பிறகு தொடர்ந்தால் தடங்கல். இடையூறு என்ற சொல்லும் உண்டு: செயலில் இறங்குமுன் அதன் முடிவையும் பயனையும் மட்டுமல்ல, இடையூறையும் எண்ணிப் பார் என்கிறார் வள்ளுவர், 676ஆம் குறளில். இத்தனையும் இருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே தொந்தரவா?

தோட்டத்தில் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்துவிடும். பால் கோட்டு வழியே ஓடி மங்குக் கிண்ணத்தில் விழாமல் மரமெங்கும் பரவி வழியும். வெட்டு இல்லை, கூலியும் இல்லை. "மழை, இன்னிக்கு வேலை இல்லே" என்பார்கள். கேட்டவருக்குச் சந்தேகமே வராது. அந்தத் தெளிவைத்தான் கேட்கிறேன்: 'நாளை காலை 9 மணி முதல் தண்ணீர் வராது' என்று எழுதினால் போதாதா?

தண்ணீராவது பரவாயில்லை, விசாரித்துக்கொள்ளலாம். 2022இல் மலேசிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலும் இதே கங்குவான்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வேலையிடத்தில் அதைத் தமிழில் 'பாலியல் தடங்கல்' என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மேலாளன் கையைப் பிடித்து இழுத்தான் என்று அழுகிற பெண் அந்தத் தாளைப் படித்தால், அது தனக்காக எழுதியது என்று எப்படிப் புரிந்துகொள்வாள்? மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். யாரிடம் புகார் செய்வது என்பதையும் கீழே போடச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் அதே தாள்தான் ஒட்டியிருக்கிறது.