வைத்தியம் இலவசம், கடன் யாருடையது?

இலங்கையில் வைத்தியம் இலவசம். அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் அறவிடும் வழக்கம் 1951 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அன்று தொட்டு, ஆட்சிப்பீடம் ஏறிய கட்சி எதுவாயினும், இந்தப் பெருமையைப் பேசாத மந்திரி எவருமிலர். பேசத்தக்க பெருமைதான், அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வைத்தியசாலையிலே பணம் கேட்கப்படவில்லை என்பதனால் நோயாளியின் வீட்டிலே பணம் செலவாகவில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? உருத்திரபுரத்துக் கமக்காரர் ஒருவர் நோயுற்று எழுந்த பின்னர், அவர் வீட்டில் தாலிக்கொடி இருக்கின்றதா, கறவைப் பசு நிற்கின்றதா, அடுத்த போகத்துக்கு விதைநெல் இருக்கின்றதா என்று கேட்டறிந்தோர் எத்தனை பேர்? இலவச வைத்தியத்தின் உண்மையான அளவுகோல் இதுவே என்பது நமது கருத்து. நோய் தீர்ந்த பின்னரும் கடன் தீரவில்லையாயின், அந்த வைத்தியம் இலவசமாக நடைபெறவில்லை, கடனுக்கு நடைபெற்றிருக்கின்றது.

இது நம் ஊருக்கு மாத்திரம் வந்த கேடன்று. உலக சுகாதார நிறுவனம் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் நடத்திய குடும்ப ஆய்வினை வைத்து, வருமானங் குறைந்தனவும் இடைத்தரமானவையுமான 40 நாடுகளின் நிலையை ஆராய்ந்த அறிஞர்கள், நான்கிலொரு பங்கிற்கும் சற்று மேற்பட்ட குடும்பங்கள் வைத்தியச் செலவின் பொருட்டுக் கடன்பட்டன, அல்லது உடைமைகளை விற்றன என்று 2009 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2019 ஆம் ஆண்டில் வைத்தியச் செலவினால் பொருளிடர்ப்பட்டோர் தொகை உலகெங்கும் 200 கோடி என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023 இல் கணக்குக் காட்டின. நோய் உடலைத் தின்பதோடு நில்லாது வீட்டையும் தின்கின்றது என்பதற்கு இதனிலும் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

இலவச வைத்தியம் நிலவும் நம் நாட்டிலும், ஆண்டுதோறும் சுகாதாரத்துக்குச் செலவாகும் பணத்தில் நூற்றுக்கு நாற்பதிற்கு மேற்பட்ட பங்கினை மக்கள் தம் சொந்தப் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்கின்றனர். பை நிறைந்தவர் பையிலிருந்து கொடுக்கின்றார். பை வெறுமையானவர் எங்கிருந்து கொடுப்பார்?

உருத்திரபுரத்தின் நிலை

இரணைமடுக் குளத்து நீரை நம்பி, காடு வெட்டிக் களனியாக்கிய குடியேற்றக் கிராமம் உருத்திரபுரம். நிலமற்றோராய் வந்தவர்கள் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் பெயராலேயே தம் ஊரை அழைத்து வாழத் தலைப்பட்டார்கள். உழைப்பால் உயர்ந்த அந்த மக்கள் 2008 ஆம் ஆண்டின் இறுதியில் வீடு வாசலைக் கைவிட்டு வெளியேறினார்கள். 2009 இல் போர் முடிந்து, முகாம் வாழ்க்கையும் கழிந்து, மீண்டு வந்தபோது, தலைமுறைகளின் சேமிப்பாய் இருந்த நகையும், மாடும், உழவு இயந்திரமும் பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. நோய்க்காலத்தில் விற்பதற்கென்று வைத்திருந்த பொருளை யுத்தம் விழுங்கிற்று. நோயை மாத்திரம் அது விட்டுச் சென்றது. உடலினுள் குண்டுச் சிதறல்களோடு வாழ்வோரும், அங்கம் இழந்தோரும், குடும்பத் தலைவனை இழந்து தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் பெண்களும் வன்னியெங்கும் உள்ளனர் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கமக்காரருக்குப் பணம் வருவது அறுவடைக் காலத்தில். காலபோகத்து நெல்லை அறுத்து விற்ற கையோடு விதைக் கடன், உரக் கடன், எண்ணெய்க் கடன் யாவும் வந்து நிற்கும். சிறுபோகமோ குளத்து நீரின் அளவைப் பொறுத்தது; எல்லா வயலுக்கும் எல்லா ஆண்டும் அது கிட்டுவதில்லை. மாதச் சம்பளம் பெறும் அரசாங்க உத்தியோகத்தருக்கு ‘அக்ரஹார’ என்னும் வைத்தியக் காப்புறுதி உண்டு. நாட்டுக்குச் சோறிடும் கமக்காரருக்கு அவ்வாறான காப்பு என்ன இருக்கின்றது? தாலிக்கொடிதான் அவர் வீட்டுக் காப்புறுதி. அடைவுகடைதான் அவருடைய காப்புறுதிக் கந்தோர்.

காணி இருக்கின்றதே என்பர் சிலர். குடியேற்றக் காணி பெரும்பாலும் அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அதனை நினைத்தவாறு விற்கவோ ஈடு வைக்கவோ இடங்கொடாது. ஏழையின் நிலம் செல்வர் கைக்குப் போகாமல் காத்த நல்ல வேலி அது. ஆயினும் அவசர காலத்தில், சட்டத்துக்குப் புறம்பாக, வாய்ப்பேச்சின் மேல் வயல் கைமாறுகின்றது. கடன் கொடுத்தவர் விதைக்கிறார்; நிலத்துக்குரியவர் தம் வயலிலேயே கூலிக்குச் செல்கிறார். இதனைப் பதியும் கந்தோரும் இல்லை. விசாரிக்கும் நீதிமன்றமும் இல்லை.

கடன் பிறக்கும் வழிகள்

இலவச வைத்தியத்தின் நடுவே கடன் எவ்வாறு பிறக்கின்றது? முதலாவது மருந்து. ‘இங்கே இல்லை, வெளியே வாங்குங்கள்’ என்று எழுதிக் கொடுக்கப்படும் துண்டு ஒன்றே போதும், இலவசத்தின் பாதி அங்கே முடிவுற்றுவிடும். நமக்கு வேண்டிய மருந்தில் மிகப் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்து வருவது. 2022 ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. மருந்தின் விலை ஏறிற்று. வைத்தியசாலைக் களஞ்சியங்கள் வெறுமையாயின. அரசாங்கம் பட்ட கடன், சுற்றிச் சுழன்று, நோயாளியின் தலையில் வந்து விழுந்தது. அந்நெருக்கடியினால் நாட்டின் குடும்பங்களில் நூற்றுக்கு அறுபதின் வருமானம் குறைந்தது என்று தொகைமதிப்புத் திணைக்களத்தின் 2023 ஆம் ஆண்டு ஆய்வு கூறுகின்றது. வருமானம் இறங்கிய அதே காலத்தில் மருந்து விலை ஏறியது என்றால், இடைவெளியை நிரப்பியது எது? கடனேயன்றி வேறென்ன?

இரண்டாவது பரிசோதனை. இரத்தமும், ஸ்கானும், பிறவும் அரசாங்க வைத்தியசாலையில் காத்திருந்து பெறலாம். ஆனால் காத்திருக்க நோய் சம்மதிப்பதில்லை. மூன்றாவது பயணம். சாதாரண நோய்க்குக் கிளிநொச்சி போதும். சிக்கலான நோய்க்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை; புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை, அல்லது இருநூறு மைலுக்கு அப்பால் மகரகமை. நோயாளியோடு ஒருவர் துணை செல்லவேண்டும். போக்குவரவு, தங்குமிடம், உணவு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்ப்பார் செலவு, அத்தனைக்கும் எந்த வைத்தியசாலையும் பற்றுச்சீட்டுக் கொடுப்பதில்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் அவை ஏறுவதில்லை. நான்காவது, இழந்த கூலி. நோயாளி ஒருவர் படுத்தால் உழைக்கும் கைகள் நான்கு ஓய்கின்றன: அவருடையவை இரண்டு, துணை நிற்பவருடையவை இரண்டு.

ஒருநாள் நோய்க்கு இவை சிறு செலவுகள். நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை ஒருநாள் நோய்களா? வவுனியா முதலாய பகுதிகளில் கமக்காரரைப் பிடித்திருக்கும் சிறுநீரக நோய் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. குருதிச் சுத்திகரிப்பு நிலைக்கு வந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று நாளை வைத்தியசாலைக்கே கொடுக்கவேண்டும். அத்தகையவருக்குக் கடன் ஒருமுறை படுவதன்று. ஒவ்வொரு வாரமும் படுவது.

அறாவட்டி

அவசரத்தில் வாங்கும் கடனுக்கு வட்டி கேட்டு வாங்குவோர் இலர். நூற்றுக்கு ஐந்து மாதவட்டி என்று வைத்துக்கொள்வோம். ஓர் இலட்சம் ரூபா பெற்றவர் மாதம் 5,000 ரூபா கட்டவேண்டும். 20 மாதம் கட்டினால் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கொடுத்துவிட்டார். முதலோ ஒரு சதமும் குறையாமல் அப்படியே நிற்கின்றது. நுண்கடன் என்ற பெயரோடு வீட்டு வாசலுக்கே வந்து பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தோர் இதனையும் விஞ்சினர். ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 இல் இலங்கைக்கு வந்தபோது, ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை சென்றிருந்ததைச் சுட்டிக்காட்டினார். தவணை தவறிய பெண்கள் அறவிட வந்தோரால் பட்ட இழிவையும் எடுத்துரைத்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. கடனைத் தள்ளினார்கள், கடன் பிறந்த காரணத்தைத் தள்ளவில்லை. காரணம் இருக்க, கடன் மீண்டும் முளையாதா?

ஆட்சேபங்களுக்கு விடை

‘அரசாங்க வைத்தியசாலை இருக்கத் தனியார் வைத்தியசாலைக்கு ஓடுவது மக்களின் குற்றம்’ என்பர் சிலர். விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பான்மையினர் இன்றும் அரசாங்க வைத்தியசாலைகளையே நாடுகின்றனர். தனியாரிடம் செல்வோரும் ஆடம்பரத்துக்காகச் செல்வதில்லை. பகல் முழுவதும் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பதற்காகவே மாலையில் பணம் கொடுத்து வைத்தியரைப் பார்க்கின்றனர். ‘நம்மவர் கலியாணத்துக்கும் சாமத்தியத்துக்கும் கடன்படுகிறார்களே’ என்பர் வேறு சிலர். அந்த வீண் செலவை நாமும் கண்டிக்கின்றோம். ஆனால் கொண்டாட்டத்தைச் சுருக்கலாம், ஒத்திப் போடலாம். நெஞ்சு நோவை ஒத்திப் போடுவது எவ்வாறு?

இன்னுமொன்று. கடனுக்கு அஞ்சி வைத்தியசாலைப் பக்கமே செல்லாது வீட்டில் கிடப்போரும் உளர். அவர்கள் கடன்பட்டோர் கணக்கில் வருவதில்லை. அவர்கள் கொடுக்கும் விலை பணமன்று, ஆயுள்.

செய்யத்தக்கவை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை புதுமையானவையல்ல. பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில் 1971 இல் அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் எழுந்தது; வணிகப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரால் மொத்தமாகக் கொள்வனவு செய்து விலையை இறக்கலாம் என்று உலகுக்கே உணர்த்திய நாடு இது. அடுத்த கரையிலே தமிழ்நாடு, 1994 இல் மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் களஞ்சியங்களிலிருந்து பகிர்ந்தளித்து வருகின்றது. தாய்லாந்து 2002 இல் நாடு முழுவதற்கும் வைத்தியக் காப்பினை விரித்துக் குடும்பங்களின் சுமையைக் குறைத்தது. முன்னோடியாய் இருந்த நாம் பின்தங்கலாமா? அத்தியாவசிய மருந்துக்கு ‘வெளியே வாங்குக’ என்ற துண்டு எழுதப்படும்போதெல்லாம் அது பதியப்படவேண்டும். மாதந்தோறும் அத்தொகை வெளியிடப்படவேண்டும். தூர வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நோயாளிக்கும் துணைவருக்கும் பயணச் செலவு வழங்கப்படவேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்குப் பிரதேச செயலகங்கள் மூலம் விண்ணப்பிக்கும் வசதி 2025 இல் ஏற்பட்டது; நோயாளி கடன்பட்ட பின்னரன்றி, அதற்கு முன்னரே அவ்வுதவி கைக்குக் கிட்டவேண்டும்.

இவற்றை யாரிடம் கேட்பது? மாகாணத்துக்குரிய துறைகளுள் சுகாதாரமும் ஒன்று. வடக்கு மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேள்வி கேட்க ஒரு சபை இல்லாத இடத்தில் மருந்தில்லை என்பதைக்கூட எவர் உரத்துச் சொல்வார்? உரிமையும் மருந்தும் வேறு வேறல்ல என்பதை நம் மக்கள் உணரவேண்டும்.

ஆயினும் அரசாங்கம் அசையும்வரை நோய் காத்திராது. நமக்குள்ளேயே ஒரு மரபு உண்டு. 1930களிலேயே மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை கண்டவர்கள். அவர்கள் குபேரர்கள் அல்லர். கூடி நிற்கக் கற்றவர்கள். உருத்திரபுரத்தில் 300 குடும்பங்கள், ஒவ்வோர் அறுவடையிலும் ஒரு குடும்பம் 2,000 ரூபா வீதம், கூட்டுறவுச் சங்கத்தில் நோய்க்கால நிதியாக இடுவதாகக் கொள்வோம். ஒரு போகத்தில் 6 இலட்சம் ரூபா சேரும். கேட்ட நாளிலேயே கடன், பெயரளவில் வட்டி, அடுத்த அறுவடையில் மீளளிப்பு, கணக்கு ஆண்டுக்கு இருமுறை ஊரறிய வாசிக்கப்படல். இவ்வளவே வேண்டுவது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்ப்போரும், கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோரும், நள்ளிரவில் உறவினர் தொலைபேசியில் அழும்போது மாத்திரம் பணம் அனுப்பாமல், இந்நிதியில் முன்கூட்டியே பங்கு கொள்வாராயின் அழவேண்டிய தேவையே பாதி குறையும். அரசாங்கத்தின் கடமையைச் சங்கத்தின் தோளில் ஏற்றுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. அறாவட்டிக்காரன் வாசலுக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடையே நம்மவருக்கு மூன்றாவது வாசல் ஒன்று திறக்கவேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

விதைநெல்லைக் குற்றித் தின்றவன் அடுத்த போகத்தில் வயலைப் பார்த்து நிற்பான் என்பது கமக்காரர் அறியாததன்று. வைத்தியத்துக்காக அடைவுகடைக்குச் செல்லும் ஒவ்வொரு தாலிக்கொடியும், விற்கப்படும் ஒவ்வொரு பசுவும், இடைநிறுத்தப்படும் ஒவ்வொரு பிள்ளையின் படிப்பும் நம் சமுதாயத்தின் விதைநெல். அதனைக் குற்றித் தின்னும் நிலை நீங்கும் நாளில், வைத்தியம் இலவசம் என்று மந்திரிமார் பேசட்டும். நாமும் சேர்ந்து பேசுவோம்.