ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மீன்

சங்ககாலப் பாண்டியர் வெளியிட்ட சதுரச் செப்புக்காசுகள் பலவற்றில் ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் மீனும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய முத்துத் துறைமுகமாகிய கொற்கை, தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் சிறந்து விளங்கியது. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில், கடலைவிட்டு உள்ளே தள்ளி அமைந்த ஒரு சிற்றூர். மலைக்காட்டு விலங்கும் கடல்வாழ் உயிரும் ஒரே காசின் இரு பக்கங்களாக அமைந்தது அரசர்களின் பெருமையை உணர்த்துவதற்காக இருக்கலாம். ஆயினும், கடற்கரையில் வளரும் குழந்தைகளுக்கு யானையைப் பற்றிக் கற்பிக்க விரும்புவோர் அந்தக் காசிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

2012ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 12ஆம் நாள் உலக யானைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று குழந்தைகள் யானையை வரைகிறார்கள். யானை முகமூடி அணிகிறார்கள். யானையைக் காப்போம் என்று உறுதிமொழி ஏற்கிறார்கள். இவை வேண்டியவையே. ஆனால், உப்பளங்களும் துறைமுகப் பளுதூக்கிகளும் சூழ வாழும் தூத்துக்குடிக் குழந்தை நேரில் கண்ட யானை பெரும்பாலும் கோயில் யானைதான். வாழைப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். துதிக்கையைத் தலையில் வைத்து வாழ்த்தும். அந்த அன்பு உண்மையானது. எனினும், அன்பு மட்டுமே அறிவு ஆகிவிடாது.

2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் அதன் பாகனும் அவருடைய உறவினர் ஒருவரும் உயிரிழந்தனர். ஊரே கலங்கியது. அந்தத் துயரத்திலிருந்து யானையை வெறுக்கக் கற்பது தவறு. அதை மறந்துவிட்டு மீண்டும் பழம் நீட்டச் செல்வதும் தவறு. மூத்த பெண்யானையின் பின்னே கூட்டமாக வாழ்ந்து, நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து உண்ணும் இயல்புடையது யானை. அந்த இயல்பை நாம் அறியாதபோது, நெருக்கமே ஆபத்தாகிவிடுகிறது. ஆகவே, யானை விளையாட்டுப் பொருள் அன்று என்பதும், விலகி நின்று பார்ப்பதும் மரியாதையே என்பதும் குழந்தைகள் கற்க வேண்டிய முதற்பாடம்.

இரண்டாவது பாடம், யானையின் வீட்டைப் பற்றியது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 3,063 யானைகள் உள்ளன. அகத்தியமலைப் பகுதியும் அவற்றின் உறைவிடங்களுள் ஒன்று. அங்கு யானைகள் காப்பகம் அமையும் என்னும் அறிவிப்பு 2022ஆம் ஆண்டின் உலக யானைகள் நாளில் வெளியாயிற்று. அம்மலைத்தொடரைச் சேர்ந்த பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, தூத்துக்குடி மாவட்டத்தின் வயல்களை நனைத்து, நகர மக்களின் தாகம் தீர்த்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. யானை தான் உண்ட கனிகளின் விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசென்று சாணத்தோடு விதைக்கிறது. அவ்வாறு செழிக்கும் காடு மழைநீரைப் பிடித்துவைத்து ஆற்றுக்கு அளிக்கிறது. கடற்கரைக் குழந்தை அருந்தும் ஒரு குவளை நீருக்குப் பின்னால் அது காணாத யானையின் உழைப்பும் உண்டு.

மூன்றாவது பாடம் கடலுக்குள் இருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, மீன் போன்ற உடல் கொண்டிருந்தாலும் மீன் அன்று. நீர்மேல் வந்து மூச்சுவிடும் பாலூட்டி. அது பசுவைவிட யானைக்கே நெருங்கிய உறவு. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பொது மூதாதையரிடமிருந்து இரண்டும் கிளைத்தன. யானையைப் போலவே கடற்பசுவும் தாவர உணவையே சார்ந்தது, கடற்புல்லை மேய்கிறது. யானையைப் போலவே அதன் மடிக்காம்புகளும் முன்னங்கால்களின் பக்கம் அமைந்துள்ளன. முதிர்ந்த ஆணுக்குச் சிறு தந்தங்களும் உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வாழக்கூடிய அது ஒருமுறைக்கு ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். எனவே, வலையில் சிக்கி ஒரு தாய் மடிந்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும்.

இழப்பு என்னும் சொல்லின் பொருளை முத்துக்குளித்துறை நன்கு அறியும். ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் தேடிவந்த முத்து இக்கடலில் விளைந்தது. முத்துச்சிப்பிப் படுகைகள் வளம் குன்றவே, 1961ஆம் ஆண்டோடு இங்கு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ‘நம் கடலில் முத்து இருந்தது’ என்று இறந்தகாலத்தில் கூறும் தலைமுறை, கடற்பசுவைப் பற்றியும் அவ்வாறே கூற நேரிடக் கூடாது.

மீன்பிடித்தும் பயிரிட்டும் பிழைப்போரிடம் காப்புச் சுமையை ஏற்றுவது நேர்மையா என்று சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். மலையடிவார உழவர் யானையால் இழக்கும் தென்னையும் வாழையும் கற்பனை அல்ல. கடற்பசுவை விடுவிக்க மீனவர் அறுக்கும் வலையும் விலையின்றிக் கிடைப்பதன்று. அந்த இழப்பைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான முயற்சிகள் தொடங்கியுள்ளன. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்கள் பாராட்டும் வெகுமதியும் பெற்றுள்ளனர். கடற்பசுவைக் காக்கத் துணைநிற்கும் மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கு இந்திய வனஉயிரின நிறுவனம் கல்வி உதவித்தொகையும் வழங்கியுள்ளது. அறிவும் அன்பும் கைகோக்கும் இத்தகைய கல்வியே நமக்குத் தேவை.

அடுத்த ஆகஸ்டு 12இல் நம் பள்ளிச் சிறுவர்கள் யானையை வரையட்டும். அதன் காலடியில் தாமிரபரணியை வரையட்டும். அந்த ஆறு சேரும் கடலில் கடற்புல் மேயும் ஒரு தாயையும் கன்றையும் வரையட்டும். அப்பொழுது, காட்டைக் காப்பது மலைநாட்டார் கடமை, கடலைக் காப்பது மீனவர் கடமை என்னும் பிரிவினை அவர்கள் மனத்தில் எழாது. கொற்கையை ஆண்டவர்களின் காசில் யானையும் மீனும் ஒன்றன் முதுகில் மற்றொன்றாய் நிற்கின்றன. ஒரு பக்கத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, மறுபக்கத்தை மட்டும் செல்லும் காசாக வைத்திருக்க யாராலும் இயலாது.