பழைய வன்தட்டுகளும் அழியாத குறிப்புகளும்

நமது ஆராய்ச்சிச்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பழைய கணினி ஒன்று விலக்கப்படும்போது, அதன் வன்தட்டுகளை வேறொரு கணினியில் பொருத்தி உபயோகிப்பது சிக்கனமான செயலேயாகும். ஆயினும், அவ்வாறு இடம் மாறும் தட்டு தன் முந்தைய பணியின் குறிப்பையும் சுமந்து செல்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பல தட்டுகளை ஓரணியாகப் பிணைத்து இயக்கும் முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் நிலைபெற்றது. அணியிற் சேரும் ஒவ்வொரு தட்டும், தான் எந்த அணியைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது உறுப்பு என்பவற்றைத் தன்னிடத்திலேயே பதித்துக்கொள்கிறது. லினக்ஸ் இயக்கமுறையின் 0.90, 1.0 ஆகிய வடிவங்களில் இக்குறிப்பு இறுதிப் பகுதியில் அமைகிறது, 1.1-இல் தொடக்கத்திலும், 1.2-இல் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட்டு தள்ளியும் அமைகிறது. கட்டுப்பாட்டு அட்டைகள் பலவும் தட்டின் இறுதிப் பகுதியையே நாடுகின்றன.

தட்டைப் புதிதாகப் பிரித்து விரைவு முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் யாவும் நீங்கிவிடும் என்று நாம் நம்புகிறோம். அச்செயலோ பெரும்பாலும் தொடக்கப் பகுதியையே மாற்றுகிறது; இறுதியிலுள்ள குறிப்பு எஞ்சிவிடக்கூடும். அப்போது புதிய கணினி அத்தட்டை அந்நிய அணியின் உறுப்பு எனக் கூறி ஏற்க மறுக்கலாம். நல்ல தட்டு பழுதானதெனக் கழிக்கப்படலாம். ஒரே பிரதி அணியிலிருந்து வந்த இரு தட்டுகள் ஓரிடத்திற் சேர்ந்தால், பழைய அணி தானே எழுந்து, ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றதன்மேல் எழுதிவிடவும் கூடும். புதிதாகச் சேர்த்த அளவீடுகள் அத்துடன் அழியும்.

ஆகவே, குறிப்பை நீக்கும் பொறுப்பு தட்டைப் பெறுபவருடையதன்று, கழற்றுபவருடையதே என்பது எமது கருத்து. அணியின் அமைப்பை அறிந்தவர் அவரே. உரிய கட்டுப்பாட்டு அட்டையும் அவரிடமே உள்ளது. அட்டையால் இயங்கும் அணியாயின், கழற்றுமுன் அதன் பட்டியலிலேயே அணியை நீக்கிவிட வேண்டும். லினக்ஸ் அணியாயின், அதனை நிறுத்திய பின் எம்டிஆட்ம், வைப்எஃப்எஸ் ஆகிய கருவிகளால் குறிப்பைத் துடைக்கலாம். முழுத் தட்டில் மட்டுமன்றி அதன் பிரிவுகளிலும் குறிப்பு இருக்கக்கூடுமாதலால், பிரிவுகளை முதலிலும் தட்டைப் பின்னரும் துடைத்தல் நன்று.

முழுத் தட்டையும் பூஜ்யங்களால் நிரப்பினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதும், ஆனால் விநாடிக்கு 150 மெகாபைட்டு எழுதும் 4 டெராபைட்டுத் தட்டுக்கு அது 7 மணி நேரத்திற்கு மேல் பிடிக்கும். குறிப்பை மட்டும் நீக்கச் சில விநாடிகளே வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். தட்டின் வரிசை எண்ணைச் சரிபாராமல் கட்டளையிட்டால், பணியிலுள்ள அணியே சிதையக்கூடும். மேலும், குறிப்பை நீக்குவது தகவலை அழிப்பதாகாது; அந்தரங்கமான தகவல் இருந்த தட்டு வெளியே செல்லுமாயின் முழு அழிப்பே முறை.

இதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. கழற்றிய தட்டின் வரிசை எண், குறிப்பு நீக்கப்பட்ட தேதி, நீக்கியவர் கையொப்பம் ஆகியவை இருப்புப் பதிவேட்டில் ஒரு வரியாக இடம் பெற்றால் போதும். அவ்வரி இல்லாத தட்டை எவரும் ஏற்காதிருப்பாராக.