வீடு கூட்டுவது யார்?

கணவனும் மனைவியும் உத்தியோகத்துக்குச் செல்லும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பெருகிவிட்டன. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பஸ் பிடித்து அலுவலகம் சென்று, மாலையிற் களைத்துத் திரும்பும் பெண்ணை எதிர்கொள்வன கூட்டாத முற்றமும் கழுவாத பாத்திரங்களுமே. 'வீட்டைத் துப்புரவு செய்ய ஒருவரை வைத்துக்கொண்டால் என்ன?' என்னும் கேள்வி எழுவது இயல்பே. அதனை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

முதலில் வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. அறைகளையும் முற்றத்தையும் கூட்டுதல், நிலம் துடைத்தல், பாத்திரம் கழுவுதல், மலசலகூடம் தேய்த்தல், உடுப்புத் தோய்த்தல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 90 நிமிடம் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு அது பத்தரை மணி நேரமாகும். இச்சுமை ஒருவர் தலையில் விழுந்தால், கிழமையில் ஒரு முழு வேலைநாளுக்கு மேல் அவர் இழந்துவிடுகிறார். அதனையே வீட்டிலுள்ள நால்வர் பங்கிட்டுக்கொண்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 23 நிமிடம் போதும். எனவே, நேரமின்மை என்று நாம் சொல்வது பல வீடுகளிற் பங்கீடின்மையே ஆகும். தகப்பனார் பத்திரிகையை விரித்திருக்க, மகன் கைபேசியில் மூழ்கியிருக்க, தாய் மாத்திரம் தும்புத்தடியுடன் நிற்கும் வீட்டில் ஆள் வைப்பது, ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாற்றுவதேயன்றி வேறன்று.

ஆயினும், பங்கிட்டும் முடியாத வீடுகள் உண்டு. பாயும் படுக்கையுமாய்க் கிடக்கும் முதியோர், கைக்குழந்தை, இரவுக் கடமைக்குச் செல்லும் தாய் என்று அவற்றின் நிலைமைகள் பல. அத்தகையோர் உதவிக்கு ஒருவரை அமர்த்துவதில் இழுக்கு எதுவுமில்லை. வருபவருக்கும் அது நேர்மையான பிழைப்பாகும். ஆனால், எவ்வாறு அமர்த்துகிறோம் என்பதிலேதான் குடும்பத்தின் பண்பு வெளிப்படுகிறது.

வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்வதற்கென நம் நாட்டில் 1871 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது, வீட்டு வேலை செய்வோர் அதன் பயனுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். பெயரைப் பதிவதில் இருந்த அக்கறை அவர்தம் முதுமையைப் பற்றி இருக்கவில்லை. 2011 இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, வீட்டு வேலையாளரும் ஏனைய தொழிலாளரைப் போன்றவரே என்று கொண்டு 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. கிழமைதோறும் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வேனும் அவர்க்கு வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

சட்டம் வற்புறுத்தும்வரை நல்ல குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை இன்னது, நேரம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, ஓய்வு நாள் இது என்பவற்றை முதல் நாளே பேசி முடித்தல் வேண்டும். 'இதையும் ஒருக்கால் செய்துவிடு, பிள்ளை' என்று நாளடைவில் வேலை கூடுமாயின், சம்பளமும் கூட வேண்டும். சுகவீனமுற்ற நாளின் சம்பளத்தை வெட்டலாகாது. நம் வீட்டைக் கூட்ட வருபவருக்கும் ஒரு வீடு உண்டு; அங்கும் ஒரு முற்றம் கூட்டப்படாமற் கிடக்கிறது என்பதை நினைத்தால், மாலையில் அவரை நேரத்தோடு அனுப்ப மனம் வரும்.

சிறுவர் விடயத்தில் ஐயத்துக்கே இடமில்லை. 'எங்கள் பிள்ளை போல வளர்ப்போம்' என்று சொல்லி, மலையகத்திலிருந்தும் வறிய கிராமங்களிலிருந்தும் சிறுமியரை அழைத்துவந்து தும்புத்தடியைக் கையிற் கொடுத்த வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்தது. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 2021 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. சட்டம் சொல்லும் வயது எதுவாயினும், நம் பிள்ளை புத்தகத்தோடு இருக்க, அதே வயதினள் அவனுடைய கோப்பையைக் கழுவுவது அறமாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதி காரணமாகப் பொது இடங்களில் மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் நிறைவேறியது. ஆனால் குசினிக்குள் எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை. வேலைக்கு வருபவருக்கென ஒரு தனிக் குவளையை யன்னலோரத்தில் வைத்திருக்கும் வீட்டை எத்தனை முறை கழுவினாலும் அது துப்புரவான வீடு ஆகாது.

துப்புரவுப் பணி இழிந்தது என்னும் எண்ணம் நம் சமயத்துக்கு உடன்பாடானதன்று. திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்களிற் புல் செதுக்கினார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகையிற் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்தார். கோயில் வீதியைக் கூட்டுவது புண்ணியம் எனக் கொள்ளும் நாம், வீட்டைக் கூட்டுபவரைத் தாழ்ந்தவராக எண்ணுவது எவ்வகையிற் பொருந்தும்?

ஆகவே, உண்மையான தேவை உண்டேல் ஆள் வைத்துக்கொள்ளலாம்; நியாயமான சம்பளமும் ஓய்வும் மரியாதையும் கொடுக்க இயலாதெனின் வைக்கலாகாது. மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. பாடசாலையில் முறை வைத்து வகுப்பறையைக் கூட்டும் கைகள் வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்துவிடலாகாது. உதவிக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும், உண்ட கோப்பையைக் கழுவுவதும், படுத்த பாயைச் சுருட்டுவதும், தம் மேசையைத் துடைப்பதும் அவரவர் கடமை. இன்று மாலையே, ஆண் பிள்ளைகள் உட்பட, அதனைத் தொடங்குக.