மூத்தவர்கள் முதலில் கல்லைக் கீழே போடுவோம்



ஒடிசா நெசவாளர் குடும்பத்தின் மகள் டூட்டி சந்த், 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார், தேசமே புகழ்ந்தது. 2019 மே மாதம், தாம் ஒரு பெண்ணை நேசிப்பதாக அவர் அறிவித்ததும், புகழ்ந்த நாவுகளில் அநேகம் தூஷித்தன.

இத்தகையோரைக் குறித்து ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் பரியாசம் பேசுகிறீர்கள். அதை வேதத்திற்கான வைராக்கியம் என்கிறீர்கள். அந்த வைராக்கியம் நம் கள்ளக்குறிச்சியில் எங்கே போயிற்று? சாராயம் விற்கப்படுவதை அறிந்தும் மௌனமாயிருந்தோம். 2024 ஜூனில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அண்டை வீட்டுப் பாவத்திற்கு அஞ்சிய நாவு, தூரத்துப் பெண்ணுக்கு மட்டும் கூர்மையாகிறதோ?

திருமணத்தைக் குறித்த சபையின் போதனையை நான் மாற்றவில்லை. பரியாசம் அந்தப் போதனையில் இல்லை. அவ்வாசலில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குள் இதே போராட்டம் இருக்குமானால், உங்கள் சிரிப்பைக் கேட்டபின் யாரிடம் வந்து மனந்திறப்பார்?

யோவான் 8-ஆம் அதிகாரத்தில் கல்லோடு வந்தவர்களில் முதலில் விலகியவர்கள் மூத்தவர்களே. நம் சபையிலும் மூத்தவர்களாகிய நாமே தொடங்குவோமாக. ஆமென்.